எனக்கு நானே அடித்த மெமோ

என்மேல் சுமத்திய குற்றத்தை என் கையாலேயே டைப் அடிக்க வைத்த ஒரு மனிதரைப் பற்றி எழுதப் போகிறேன். செத்தவர்களைப் பற்றிக் குறை சொல்லக் கூடாது என்பார்கள். அவர் இருக்கிறாரா இல்லையா என்று எனக்குத் தெரியாது. விசாரித்ததும் இல்லை. அதனால் தாராளமாகச் சொல்லலாம்.

எழுபதுகளின் நடுப்பகுதி. மட்டாஞ்சேரி பஜார் ரோட்டில் மிளகும் சுக்கும் ஏற்றுமதி செய்கிற ஒரு கம்பெனியில் ஸ்டெனோவாகச் சேர்ந்திருந்தேன். கீழே கிடங்கு, மாடியில் ஆபீஸ். மரப்படி ஏறி மேலே போவதற்குள் மிளகுத் தூசியில் நாலு தும்மல் வந்துவிடும். எனக்கு வயது இருபத்திரண்டு. அப்பா தையற்காரர். கண்ணில் புரை விழுந்து, ஊசியில் நூல் கோர்க்கக்கூட என்னைக் கூப்பிட வேண்டியிருந்தது. அம்மா இல்லை. வீட்டில் அடுப்பு எரிந்தது என் சம்பளத்தில்தான். முதல் ஒரு வருஷம் தற்காலிகம். வருஷம் முடியும்போது ஃபைலில் கரும்புள்ளி ஏதும் இல்லையென்றால் வேலை நிரந்தரம். ஒரு மெமோ விழுந்தால் போதும், வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். அந்த ஒரு வருஷமும் நான் வேறு எதையும் நினைத்ததில்லை.

நாங்கள் மூன்று தலைமுறையாக மட்டாஞ்சேரிக்காரர்கள். வீட்டில் பேசியது தமிழ், பள்ளிக்கூடத்தில் படித்தது மலையாளம், பிழைப்புக்கு இங்கிலீஷ். தமிழ் எழுத்தே வாரப் பத்திரிகைகளை எழுத்துக்கூட்டி வாசித்துத்தான் எனக்குப் பழகியது. மேனேஜரும் தமிழ்தான், பாலக்காட்டுத் தமிழ். ஆனால் ஆபீஸில் இங்கிலீஷைத் தவிர வேறு பேச மாட்டார். திட்டுவதற்கு மட்டும் தமிழ் வரும். அந்த மட்டில் தாய்மொழிப் பற்று உள்ளவர்.

அவருடைய இங்கிலீஷைப் பற்றிச் சொல்ல வேண்டும். வாயில் சரளமாக வரும், நிற்காது. ஆனால் அதில் தலையும் இருக்காது, வாலும் இருக்காது. ஒரு கப்பலைப் பற்றி ஆரம்பித்தால் இன்னொரு கப்பலில் போய் முடிப்பார். அதைவிட மோசம் அவருடைய கோபம். பாக்கு மென்றுகொண்டே, "நாங்கள் உங்கள் வேலைக்காரர்கள் இல்லை என்று எழுது," என்பார். "உங்களைப்போல் நூறு பேர் எங்கள் வாசலில் நிற்கிறார்கள் என்று எழுது." இதெல்லாம் லண்டனில் முப்பது வருஷமாக நம்மிடம் சரக்கு வாங்குகிறவர்களுக்கு.

இதையெல்லாம் அப்படியே அடித்து அனுப்பினால் எந்தக் கம்பெனியும் ஒரு சீசன் தாங்காது. அதற்கு பஜார் ரோட்டில் எழுதாத வழக்கம் ஒன்று இருந்தது. மேனேஜர் கொட்டுவதை ஸ்டெனோ நோட்டில் பிடித்துக்கொள்வார். டைப் அடிக்கும்போது வசவைத் தள்ளி, குழப்பத்தைப் பிரித்து, 'வருந்துகிறோம்', 'தயவுசெய்து' எல்லாம் சேர்த்து, மனுஷர் வாசிக்கிற கடிதமாக ஆக்கிவிடுவார். அதை யாரும் வெளியில் சொல்வதில்லை. மேனேஜர்களும் கேட்பதில்லை. எங்கள் மேனேஜர் கையெழுத்துப் போடும்போது வாசிக்கவே மாட்டார். போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு, காகிதத்தின் கீழ் மூலையை மட்டும் தூக்கித் தூக்கிக் கையெழுத்துப் போடுவார். பஜார் ரோட்டு மேனேஜர்கள் என்று கடல் கடந்து பெயர் வாங்கியதெல்லாம் ஸ்டெனோக்களான எங்கள் மரியாதை.

இந்த வழக்கத்துக்கு ஓர் எல்லையும் உண்டு. பேச்சைத் திருத்தலாம், சரக்கைத் தொடக் கூடாது. எந்தச் சரக்கு, எவ்வளவு, எந்தக் கப்பல் என்பது அவர்கள் விஷயம். சந்தேகம் வந்தால் கேட்கலாம், அவ்வளவுதான்.

நான் சேர்ந்த ஆறாவது மாசம் அது நடந்தது. சுண்ணாம்பு போட்டு வெளுத்த சுக்கு அரபு நாடுகளுக்குப் போகும். வெளுக்காத சுக்கு லண்டனுக்குப் போகும். கிடங்கில் சாக்கு தூக்குகிறவருக்கும் தெரிந்த விஷயம். அன்றைக்கு லண்டனுக்கான கடிதத்தில் அவர் 'வெளுத்தது' என்று சொன்னார். நான் பென்சிலை நிறுத்தி, "சார், லண்டனுக்கு வெளுக்காததுதானே?" என்று கேட்டேன். அவர் என்னைப் பார்க்கக்கூட இல்லை. "யூ டைப் வாட் ஐ சே," என்றார். அடித்தேன்.

அந்தக் கடிதத்தின் நகலைப் பார்த்துத்தான் கிடங்கில் சரக்கு ஏற்றினார்கள். ஆறு வாரம் கழித்து லண்டனிலிருந்து தந்தி வந்தது. சுண்ணாம்புச் சுக்கு யாருக்கு வேண்டும், திருப்பி எடுத்துக்கொள் என்று. முதலாளி எங்கள் இரண்டு பேரையும் கூப்பிட்டார். முதலாளி வயசானவர். கல்லாவில் உட்கார்ந்து மலையாளத்தில் உலகத்தை விலை பேசக்கூடியவர், இங்கிலீஷ் அவ்வளவாக வராது. மேனேஜர் கொஞ்சமும் கூசாமல், "டைப்பிஸ்டின் தப்பு. புதுசு. சொன்னதைச் சரியாகக் கேட்கவில்லை," என்றார்.

ஓடிப்போய் என் சுருக்கெழுத்து நோட்டை எடுத்து வந்து முதலாளி முன்னால் விரித்தேன். அந்தப் பக்கத்தில் எல்லாம் இருந்தது. 'வெளுத்தது' இருந்தது. அதற்குக் கீழே அவர் சொன்ன "யூ டைப் வாட் ஐ சே" கூட இருந்தது. டிக்டேஷன் நேரத்தில் காதில் விழுவதெல்லாம் கை தானாக எழுதிவிடும், நிறுத்தச் சொன்னாலும் கேட்காது.

மேனேஜர் நோட்டைப் பார்த்துச் சிரித்தார். "இந்தக் கோழி கிண்டினாப்ல இருக்கறதை ஆரு வாசிக்கறது? நீ எந்து எழுதியிருக்கேன்னு நீதானே பறயணும்."

எழுதியது என்னவென்று எழுதியவளே சொன்னால்தான் உண்டு என்று அவர் சொன்னதும் சரிதான். அந்த ஆபீஸில் சுருக்கெழுத்து தெரிந்தவள் நான் ஒருத்திதான். நான் முதலாளியைப் பார்த்து, "அடுத்த கிடங்கு ஸ்டெனோவைக் கூப்பிட்டு வாசிக்கச் சொல்லுங்க," என்றேன். தற்காலிகமாக வேலை செய்கிற ஒரு பெண்பிள்ளை, மேனேஜரின் வார்த்தையைச் சரிபார்க்க வெளியாளைக் கொண்டுவரச் சொல்கிறாள். முதலாளி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். வீட்டு விஷயம் வெளியே போக வேண்டாம் என்று எங்கள் இரண்டு பேரையும் அனுப்பிவிட்டார்.

மறுநாள் காலை மேனேஜர் கூப்பிட்டார். நோட்டும் பென்சிலுமாகப் போய் உட்கார்ந்தேன். தேதி சொன்னார். பிறகு என் பெயரைச் சொன்னார். பெறுநர் இடத்தில். நான் நிமிர்ந்து பார்த்தேன். அவர் ஜன்னல் வழியாகப் படகுகளைப் பார்த்துக்கொண்டே மேலே சொன்னார். என் கையோ நிற்காமல் எழுதிக்கொண்டே போனது. பாழாய்ப்போன பழக்கம். மேலதிகாரியின் முன்னிலையில் நான் காட்டிய 'ஆடாசிட்டி' கம்பெனியின் கவனத்துக்கு வந்திருக்கிறது என்றும், தவறை ஒப்புக்கொண்டு மூன்று நாளுக்குள் எழுத்துமூலம் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்றும் சொன்னார். கடைசியில், "த்ரீ காப்பீஸ்," என்றார்.

ஆடாசிட்டி. அந்த வார்த்தையை நான் அதற்குமுன் கேட்டதில்லை. காதில் விழுந்த ஒலியை வைத்து மூன்று கோடு கிழித்திருந்தேன். என்னை வேலையைவிட்டு அனுப்பக்கூடிய வார்த்தை, அதற்கு அர்த்தமே எனக்குத் தெரியாது. அகராதி அவர் அறையில் இருந்தது. அவரிடமே போய் இரவல் கேட்பதற்கு நான் செத்துப்போகலாம். கார்பன் தாள் இரண்டு வைத்து, ஒலியை நம்பி, மூன்று பிரதி அடித்தேன். கீழே இடது மூலையில், வழக்கப்படி, அவருடைய பெயரின் முதல் எழுத்துகள் பெரிதாக, ஒரு கோடு, அடித்தவளான என்னுடைய எழுத்துகள் சின்னதாக. தலையில் போடுகிற கல்லை நானே சுமந்து போய்க் கொடுத்தேன். அவர் வாசிக்காமல் கையெழுத்துப் போட்டார். ஒரு பிரதியை என்னிடம் நீட்டி, பெற்றுக்கொண்டேன் என்று என்னிடம் கையெழுத்தும் வாங்கினார்.

அந்தச் சாயங்காலம் யூதர்கள் குடியிருந்த ஜூ டவுனுக்குப் போனேன். அப்போது அங்கே ஒவ்வொரு வீடாக இஸ்ரேலுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார்கள். கட்டில், அலமாரி, விளக்கு, புத்தகம் எல்லாம் பழைய சாமான் கடைகளுக்கு வந்து குவியும். ஒரு கடையில் தலையணை கனத்துக்கு இங்கிலீஷ் அகராதி ஒன்று கிடந்ததை முன்பே பார்த்திருந்தேன். கடைக்கார சேட்டன் அதைத் தராசுத் தட்டுக்கு முட்டுக் கொடுத்திருந்தார். "கொண்டு போய்க்கோ, ஆரும் வாங்கறதில்லை," என்று கொடுத்துவிட்டார். வாசலில் நின்றபடியே 'ஏ' வரிசையைப் புரட்டினேன்.

இரண்டு அர்த்தம் போட்டிருந்தது. ஒன்று: துணிச்சல், அஞ்சாமல் இறங்குவது. இரண்டு: மரியாதை மீறிய திமிர். மூலம் லத்தீன், 'துணிதல்' என்று பொருள்படும் வினையிலிருந்து வந்தது என்றிருந்தது. ரொம்ப வருஷம் கழித்து இன்னொரு அகராதியில் அதற்கும் பின்னால் போய்ப் பார்த்தேன். அந்த வினை, ஆசை என்று பொருள்படும் இன்னொரு சொல்லோடு உறவு என்று எழுதியிருந்தார்கள். முதலில் ஏதோ ஒன்றின்மேல் தீராத ஆசை வருகிறது, அப்புறம் மனசு அதற்காகத் துணிகிறது. எனக்கு அது சரியாகத்தான் பட்டது. எனக்கும் ஓர் ஆசை வந்திருந்தது. அந்த ஆள் தலைகுனிந்து நிற்பதை என் கண்ணால் பார்க்க வேண்டும்.

ஒரே சொல், யாருக்குச் சொல்கிறோம் என்பதைப் பொறுத்து அர்த்தம் மாறுகிற அக்கிரமம் இங்கிலீஷில் மட்டும் இல்லை. நம்மிடம் ஆம்பிளைக்குத் தைரியம், நெஞ்சுரம். அதே காரியத்தைப் பெண் செய்தால் கொழுப்பு, வாய்த்துடுக்கு, அதிகப்பிரசங்கித்தனம். மலையாளத்தில் 'தன்றேடம்' என்பார்கள், தன் இடத்தில் நிற்பது என்று பிரித்துச் சொல்லுவார்கள். எனக்குப் பிடித்த சொல். ஆனால் அதையும் எங்கள் தெருவில் பெண்களுக்குச் சொல்லும்போது உதட்டைச் சுழித்துக்கொண்டுதான் சொன்னார்கள்.

மறுநாளே ஒரு வேடிக்கை. வியாபாரிகள் கூட்டம் ஒன்றில் முதலாளிக்குப் பதிலாகத் தான் வாசிக்க ஒரு வரவேற்புரை வேண்டும் என்று மேனேஜர் என்னிடமே டிக்டேட் செய்தார். கடல் கடந்து வியாபாரம் செய்த நம் முன்னோர்களின் ஆடாசிட்டியை வணங்குகிறோம் என்று வந்தது. சொல்லும்போது அவர் முகத்தில் ஒரு சலனமும் இல்லை. முன்னோர்கள் காட்டினால் வணங்குவார்கள், நான் காட்டினால் மெமோ. நான் முன்னோர்களுக்கும் அடித்துக் கொடுத்தேன்.

அப்பாவிடம் மெமோவைக் காட்டினேன். அவரால் வாசிக்க முடியாது. விஷயத்தைச் சொன்னேன். கத்தரியைக் கீழே வைத்தார்.

"மாப்பு எழுதிக் குடுத்துடு மோளே. ஒரு வரிதானே."

"செய்யாத தப்புக்கா?"

"ஜோலி போச்சுன்னா அப்புறம் என்ன செய்வே? என் கண்ணு ரெண்டையும் நம்பிக்கோ, போ."

"எழுதினா நான் தப்பு செஞ்சேன்னு ஆயிடும்பா. அதைக் காட்டியே வருஷக் கடைசியில அனுப்பிடுவாரு. எழுதினாலும் போகும், எழுதலேன்னாலும் போகும்."

அவர் கத்தரியை மறுபடி கையில் எடுத்தார். "அப்போ உன் இஷ்டம்," என்றார். அந்தக் குரலில் பயம் இருந்தது. அப்பாவைப் பயப்பட வைத்ததற்காகவும் அந்த ஆளை நான் மன்னிக்கவில்லை.

மூன்றாம் நாள் பதில் கொடுத்தேன். நான் எழுதியது அவர் சொன்னதுதான், என் நோட்டைச் சுருக்கெழுத்து தெரிந்த யாரையாவது வைத்து வாசித்துப் பார்க்கும்படி மறுபடியும் கேட்டுக்கொள்கிறேன் என்று நாலே வரி. அவர் அதை மேஜை இழுப்பறையில் போட்டார். "வருஷம் முடிய இன்னும் அஞ்சு மாசம் இருக்கு. அதுவரை இரு. நான் பறயறதை மட்டும் அடிச்சா போரும், கேட்டியா," என்றார் தமிழில்.

கேட்டேன். காதும் மனசும் குளிரக் கேட்டேன்.

அன்றையிலிருந்து அவர் சொன்னதை மட்டும் அடித்தேன். ஒரு சொல் கூட்டவில்லை, ஒரு சொல் குறைக்கவில்லை. 'தயவுசெய்து' போடவில்லை. 'வருந்துகிறோம்' போடவில்லை. அவர் ஒரு கப்பலில் ஏறி இன்னொரு கப்பலில் இறங்கினால் நானும் இறங்கினேன். உங்களைப்போல் நூறு பேர் எங்கள் வாசலில் நிற்கிறார்கள் என்று சொன்னால், அந்த நூறு பேரையும் அழகாக இரண்டு வரி இடைவெளி விட்டு நிறுத்தினேன். அடித்தலில் ஒரு பிழை இருக்காது. ஓரம் நேராக இருக்கும். அவர் போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு கீழ் மூலையைத் தூக்கிக் கையெழுத்துப் போடுவார். நான் உறையில் போட்டு, தபால்தலையை நாக்கில் ஈரப்படுத்தி ஒட்டுவேன். அந்தப் பசை எனக்குத் தித்தித்தது. பொய் சொல்வானேன்.

கம்பெனிக்குக் கெடுதல் செய்கிறோமே என்று மனம் உறுத்தவில்லையா என்று கேட்கலாம். ஒரே ஒரு தடவை உறுத்தியது. முதலாளி ஓணத்துக்கு எல்லோருக்கும் வேட்டி சேலை கொடுத்தபோது, என் கையிலும் ஒன்றைக் கொடுத்து, "அச்சனுக்குக் கண்ணு எப்படி உண்டு?" என்று விசாரித்தார். அன்றைக்கு மத்தியானம் ஒரு கடிதத்தில் வசவு ஒன்றைத் தள்ளிவிட்டு அடித்தேன். அடித்து முடித்ததும் மெமோவை எடுத்துப் பார்த்தேன். தாளைக் கிழித்துப் போட்டு, வசவோடு மறுபடி அடித்தேன். நோட்டு முடிந்தால் பழையதைக் கொடுத்துத்தான் புதியது வாங்க வேண்டும் என்பது ஆபீஸ் விதி. நான் பழையதைக் கொடுக்காமல் கடையில் சொந்தமாக வாங்கிக்கொண்டேன். நோட்டுகளை அகராதிக்கு அடியில் அடுக்கி வைத்தேன்.

என் வருஷம் முடிய மூன்று வாரம் இருந்தபோது லண்டன் ஏஜெண்ட் வந்தார். சீசனுக்கு ஒருமுறை வந்து சரக்கைப் பார்த்துவிட்டுப் போகிற வெள்ளைக்காரர், சாது மனிதர். முதலாளி அறையில் பேச்சு. ஏஜெண்ட் சொல்வதை மேனேஜர் முதலாளிக்கு மலையாளத்தில் சொல்வார். பேச்சைக் குறிப்பெடுக்க நான் மூலையில் உட்கார்ந்திருந்தேன். ஏஜெண்ட் தோல்பையிலிருந்து ஒரு கட்டுக் கடிதத்தை எடுத்து மேஜையில் பரப்பினார். எல்லாம் நான் அடித்தவை.

அவர் மெதுவாகத்தான் கேட்டார். இந்த நிறுவனத்தின் கடிதங்களை இத்தனை வருஷமாக எங்கள் ஆபீஸில் மாதிரியாக வைத்திருந்தோம். இந்த நாலு மாசமாக ஏன் எங்களை இப்படித் திட்டுகிறீர்கள்? பழைய ஸ்டெனோ போய்விட்டாரா?

மேனேஜர் முதலாளியிடம் திரும்பி, கப்பல் வாடகை கூடிவிட்டது என்று குறைப்படுகிறார் என்று சொன்னார். அவருடைய அந்தத் துணிச்சலை நான் இன்றைக்கும் மெச்சுகிறேன்.

முதலாளி முட்டாள் இல்லை. கப்பல் வாடகைக்கு யாரும் பழைய கடிதங்களைக் கொண்டுவர மாட்டார்கள். கடிதங்களைப் பார்த்தார், மேனேஜரின் நெற்றி வியர்வையைப் பார்த்தார், கடைசியில் மூலையில் என்னைப் பார்த்தார்.

"அயாள் எந்தா பறஞ்ஞது? நீ பற, மோளே."

ஏஜெண்ட் என்ன சொன்னார் என்று என்னைக் கேட்கிறார். மூன்று வாரத்தில் வேலை போகப்போகிறவள். வாயை மூடிக்கொண்டிருந்தால் ஒருவேளை மேனேஜர் இரங்கி விட்டுவிடலாம். அந்த ஒரு நொடி அப்பாவின் குரல் ஞாபகம் வந்தது நிஜம். ஆனால் வாய் அதற்குள் திறந்துவிட்டது. ஏஜெண்ட் சொன்னதை ஒரு சொல் கூட்டாமல், ஒரு சொல் குறைக்காமல் சொன்னேன். அந்த வித்தையில்தான் நாலு மாசமாகத் தேறியிருந்தேனே.

"இவள் வேணும்னு செஞ்சது இது," என்று மேனேஜர் தமிழில் என் பக்கம் பாய்ந்தார். "நான் பறஞ்சது இது ஒண்ணுமில்லை."

"நோட்டு இருக்கு," என்றேன்.

இந்தத் தடவை முதலாளி கண்ணாடியைத் துடைக்கவில்லை. அடுத்த கிடங்கு ஸ்டெனோவை அழைத்துவரச் சொன்னார். அவர் வழுக்கைத் தலை, முப்பது வருஷ அனுபவசாலி. யாரிடமும் அதிகம் பேசாதவர். நான் வீட்டுக்கு ஓடிப்போய் நோட்டுகளைக் கொண்டுவந்தேன். அவர் கடைசி நோட்டைத் திறந்து உரக்க வாசித்தார். ஏஜெண்ட் கையில் கடிதத்தை வைத்துக்கொண்டு ஒவ்வொரு வரியாக விரலால் ஒத்துப்பார்த்தார். நூறு பேர் வந்தார்கள். 'வேலைக்காரர்கள் இல்லை' என்பதும் வந்தது. மூன்று கடிதம் ஆனதும் ஏஜெண்ட் போதும் என்று கையைக் காட்டினார். நான் போதும் என்று விடவில்லை. சுக்குக் கடிதம் இருந்த நோட்டை எடுத்துக் கொடுத்தேன். அவர் வாசித்தார்: வெளுத்தது. அதற்குக் கீழே வந்ததையும் வாசித்தார்: யூ டைப் வாட் ஐ சே.

மேனேஜர் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். நான் ஆசைப்பட்டது அதைத்தான். கண் இமைக்காமல் பார்த்தேன்.

முதலாளி மெமோவை எடுத்துவரச் சொல்லி, மேனேஜர் கையாலேயே கிழிக்க வைத்தார். மூன்று வாரத்தில் என் வேலை நிரந்தரமானது. அப்பா அன்றைக்குப் பாயசம் வைத்தார், கண் தெரியாமல் உப்பையும் கொஞ்சம் போட்டுவிட்டார். முதலாளி தன் மருமகனைக் கடிதப் போக்குவரத்துக்கு வைத்தார். மேனேஜர் கீழே கிடங்கில் சாக்கு எண்ணும் இடத்துக்குப் போனார். பெயர் மட்டும் மேனேஜர். நான் தினமும் அவர் முன்னால் படியேறிப் போனேன். அவர் என்னைப் பார்க்க மாட்டார். எனக்கு அது தீபாவளி மாதிரி இருந்திருக்க வேண்டும். இல்லை. ஆறவில்லை. நாலு பேர் முன்னால் அவர் குனிந்து நின்றது அரை மணி நேரம். அந்த மெமோவை என் கையாலேயே மூன்று பிரதி அடித்தவள் நானல்லவா.

எண்பதுகளின் தொடக்கத்தில் அவர் கம்பெனியை விட்டார், அல்லது விடச் சொன்னார்கள். இரண்டு மாசம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை எங்கள் வீட்டுக்கு வந்தார். அப்போது நான் பழைய டைப்ரைட்டர் ஒன்றை வாங்கி, மனு, விண்ணப்பம் என்று வெளிவேலையும் செய்துகொண்டிருந்தேன். ஆள் இளைத்திருந்தார். அப்பா அவரை யாரென்று தெரியாமல் உட்காரச் சொல்லி, சாயா வேணுமா என்று கேட்டார். அவர் வேண்டாம் என்றார்.

"ஏலூர்ல ஒரு கம்பெனி. மேனேஜர் வேலை இருக்கு. அம்பத்திரெண்டு வயசாச்சு எனக்கு. இதை விட்டா வேறே கிடைக்காது," என்றார். "அப்ளிகேஷன் அடிச்சுத் தரணும்."

"சொல்லுங்க சார்," என்று தாளைச் சொருகினேன்.

அவர் கொஞ்சம் தயங்கினார். சுவரைப் பார்த்துக்கொண்டு, "நான் பறயறேன். நீ பாத்துத் திருத்தி அடிச்சுடு. எப்பவும் போல," என்றார்.

எப்பவும் போல. அப்படியானால் அவருக்குத் தெரியும். நான் ஒவ்வொரு நாளும் அவர் வசவைத் துடைத்து, அவர் குழப்பத்தைப் பிரித்து, அவருக்கு மரியாதை வாங்கிக் கொடுத்தது ஆரம்பத்திலிருந்தே அவருக்குத் தெரியும். தெரிந்துகொண்டுதான் முதலாளி முன்னால் என்னைக் காதுகேளாதவள் ஆக்கினார். தெரிந்துகொண்டுதான் மெமோ அடிக்க வைத்தார்.

"சொல்லுங்க," என்றேன்.

அவர் சொன்னார். அதே நடை. முந்தைய கம்பெனியைத் தான் ஒருவனே நடத்தியதாகவும், அதன் முதலாளிக்கு ஒன்றும் தெரியாது என்றும் ஆரம்பித்தார். நடுவில் சம்பளத்துக்குப் போனார், திரும்பி வரவில்லை. தன்னைப்போல் ஓர் ஆள் கிடைப்பது உங்கள் அதிர்ஷ்டம், அதனால் தாமதிக்காமல் பதில் எழுதவும் என்று முடித்தார். நான் அடித்தேன். ஒரு சொல் கூட்டவில்லை, ஒரு சொல் குறைக்கவில்லை.

தாளை உருவிக் கொடுத்தேன். இந்தத் தடவை அவர் கண்ணாடி போட்டுக்கொண்டு, விரலை வைத்து, முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை வாசித்தார். நான் காத்திருந்தேன். நான் எதையும் திருத்தவில்லை என்று கண்டுபிடித்தால் மறுபடி அடித்துக் கொடுப்பதாக மனசுக்குள் வைத்திருந்தேன். அது சத்தியம்.

அவர் நிமிர்ந்தார். முகம் தெளிந்திருந்தது. கையெழுத்துப் போட்டு, தாளை நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

"நன்னாத் திருத்தியிருக்கே, கேட்டியா," என்றார்.